மேளத்துக்கு வைத்திருந்த பணம்

என் மகள் தர்ஷினி இப்போது தனியாகக் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருகிறாள். போன வருஷம் இந்நேரம் அவளை நான் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போவேன். தெருவில் பார்க்கிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள், கால் எப்படி நேரானது, எங்கே காட்டினீர்கள், என்ன செலவு ஆனது என்று. ராபர்ட்சன்பேட்டையில் நான் பில் போடும் துணிக்கடையில்கூடப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறவர்கள் உண்டு. பாதி சொல்வதற்குள் அடுத்த பில் வந்துவிடும், முதலாளி முறைப்பார். அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். வளைந்த காலோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படும் யாருக்காவது பயன்பட்டால் சரி. இதில் என் மாமனார் எத்திராஜ் அடிக்கடி வருவார். பெண்ணின் கால் கதையில் தாத்தாவுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

பிறந்தபோது எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பதுபோலத்தான் அவளுக்கும் கால்கள் லேசாக வளைந்திருந்தன. நடக்க ஆரம்பித்தால் நிமிர்ந்துவிடும் என்றார்கள். வலது கால் சொன்ன பேச்சைக் கேட்டது. இடது கால் கேட்கவில்லை. அவள் வளர வளர அதன் வளைவும் வளர்ந்தது. எட்டு வயதில் முழங்காலுக்குக் கீழே கால் வெளிப்பக்கமாக வில் மாதிரி போயிருந்தது. நிற்கும்போது இடப்பக்கம் சாய்வாள், சாய்ந்ததைச் சமாளிக்க வலப்பக்கம் ஆடுவாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் போட்டோ எடுத்தபோது டீச்சர் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். போட்டோவில் அவளுடைய ரிப்பன் மட்டும்தான் தெரிகிறது. அந்தப் போட்டோவைப் பார்த்த அன்று நான் சமையல் செய்யவில்லை.

அப்புறம் சாயங்காலம் ஆனால் முழங்கால் வலி என்று அழ ஆரம்பித்தாள். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் யாருக்குப் பெரிதாக எது வந்தாலும் கால்கள் தானாக வேலூர்ப் பக்கம்தான் திரும்பும். தாத்தா காலத்தில் சுரங்க வேலைக்கு அங்கிருந்து கர்நாடகாவுக்கு வந்தோம், காய்ச்சல் வந்தால் அங்கேயே திரும்பிப் போகிறோம். நாங்களும் பங்காரப்பேட்டையில் ரயில் ஏறிப் போய்விட்டோம். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வாராவாரம் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும், உங்க கர்நாடகா இன்சூரன்ஸ் அட்டையும் பெங்களூருல சுலபமா எடுப்பாங்க, அங்கயே போங்களேன்" என்றார். என் வீட்டுக்காரர் பாபு தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குத்தான் வேலைக்குப் போகிறார், ஒரு ஐ.டி. கட்டிடத்தில் ஏ.சி. பார்க்கிற வேலை. தினம் பெங்களூருக்குப் போய்வருகிற மனிதருக்குப் பெங்களூர் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

பெங்களூரில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனை. எலும்புப் பிரிவின் வெளியே நீளமான பெஞ்சுகள். அங்கே உட்கார்ந்த பிறகுதான் உலகத்தில் இத்தனை பிள்ளைகளுக்குக் கால் கோணலாக இருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே வளைந்த கால், வெளியே வளைந்த கால், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. முதல் நாள் தர்ஷினி பாவாடையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மதியம் ஆவதற்குள் பக்கத்தில் இருந்த ராய்ச்சூர்ப் பையனோடு யார் கால் அதிகக் கோணல் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தாள். பையன் ஜெயித்தான். இவளுக்கு வருத்தம்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பின் மேல்முனையில் வளரும் தட்டு என்று ஒன்று இருக்கிறதாம். பிள்ளை உயரமாவது அங்கிருந்துதான். இவளுக்கு இடது காலில் அந்தத் தட்டின் உள்பாதி வளராமல் நின்றுவிட்டது, வெளிப்பாதி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் வளராவிட்டால் எலும்பு வளையாமல் என்ன செய்யும்? நாங்கள் கொடுக்காத சத்தோ, இடுப்பில் தூக்கிய பழக்கமோ காரணம் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷமாக அது என் தப்பு என்றே நினைத்திருந்தேன்.

வைத்தியம் இதுதான். எலும்பை வெட்டுவார்கள். காலைச் சுற்றி வளையங்கள் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு பிணைப்பார்கள். வளையங்களுக்கு நடுவே உள்ள திருகுகளை வீட்டிலேயே தினமும் துளித்துளியாகத் திருப்ப வேண்டும். வெட்டிய எலும்பு அதற்கேற்ப மெல்ல நேராகும், நடுவில் விடுகிற இடைவெளியில் புது எலும்பு வளரும். "ஒரேயடியா நிமிர்த்துனா நரம்பு தாங்காது. மெதுவாதான் பண்ணணும்" என்றார் டாக்டர். தள்ளிப்போடலாமா என்று பாபு கேட்டார். தள்ளிப்போட்டால் வளைவு கூடும், முழங்கால் மூட்டு தேயும், பிறகு ஒரு ஆபரேஷன் போதாது என்று சொன்னார். தீபாவளிக்கு முன்னால் ஒரு தேதியும் கொடுத்தார்.

அதற்கு முன் ஒரு எக்ஸ்ரே. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் ஒரே படத்தில் வர வேண்டும், நின்றபடியே எடுக்க வேண்டும். பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும். இவளால் அதுதான் முடியாது. இடது கால் நடுங்கும், உடம்பு ஆடும். "அல்லாடபேடா புட்டி, ஒந்து நிமிஷா" என்று எக்ஸ்ரேக்காரர் கன்னடத்தில் கெஞ்சினார், ஆடாதே பாப்பா, ஒரு நிமிஷம் என்று. ஒரு நிமிஷம்கூட வேண்டியதில்லை, இரண்டு நொடி போதும். படம் கலைந்துகொண்டே இருந்தது. கடைசியில் நான் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, எனக்கு நிக்கவே வராதா?" வரும் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

இப்போது பணம். ஆபரேஷனும் படுக்கையும் அட்டையில் போய்விடும். ஆனால் டாக்டர் சொன்ன வகைச் சட்டம் அதில் வராது, நாங்களே வாங்கித் தர வேண்டும். என் வளையல்கள் ராபர்ட்சன்பேட்டை அடகுக்கடைக்குப் போயின. பாபு ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கினார். அப்படியும் கடைசியாக ஒரு முப்பதாயிரம் இடித்தது. யாரைக் கேட்கலாம் என்று நானும் அவரும் சாப்பிடும்போது பேசிக்கொண்டிருப்போம். மாமா டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காது கேட்காது என்று நினைத்து நாங்கள் எல்லாவற்றையும் பேசிவிடுவோம். தனக்கு வேண்டியது அவருக்கு நன்றாகவே கேட்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபோது கொடுத்த பணத்தை இரண்டு மகள்கள் கல்யாணத்தில் கரைத்தவர். இப்போது மூச்சு வாங்கும், பீடியை மட்டும் விட மாட்டார். எனக்கும் அவருக்கும் பீடிக்காகவும் டி.வி. சத்தத்துக்காகவும் வாரம் ஒரு சண்டை நிச்சயம். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. தன் சாவு ஊர்வலம் பிரமாதமாக இருக்க வேண்டும். எந்தச் சாவுக்குப் போனாலும் வந்து உட்கார்ந்து விமர்சனம் செய்வார். மேளம் சரியில்லை, பூப்பல்லக்கில் பாதி காகிதப் பூ, பேண்டுக்காரன் மூச்சுப் பிடிக்காமல் ஊதுகிறான். தன்னுடையதற்கு ஆண்டர்சன்பேட்டை பேண்டு செட்டுதான் வர வேண்டும், நந்திதுர்க் பழைய கேட் எதிரே நின்று ஒரு பாட்டு வாசித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதை எங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பேண்டுக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்றால், லைனில் மரண சகாய நிதி என்று ஒன்று இருக்கிறது. வாயில் வருவது சாவு ஃபண்டு. சுரங்க நாளிலிருந்தே ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டிவருகிறார்கள். ஒருவர் போய்விட்டால் செக்ரட்டரி தாமோதரன் ஐயா ஒரு மாலையும் பணமும் எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார். மாலையை உடம்புக்குப் போட்டுவிட்டுப் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பார். மேளம், பூ, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அதில்தான். வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் போட்டு, அந்த வருஷம் யார் யார் பேருக்குப் பணம் கொடுத்தார்களோ அவர்கள் பெயரை வாசித்து, அவர்களுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்பார்கள்.

ஒரு புதன்கிழமை காலை. கடையில் கூட்டம் இல்லை. பக்கத்து வீட்டு லதா போன் செய்தாள். "சுமதிக்கா, சீக்கிரம் வாங்க. உங்க மாமா..." அவ்வளவுதான். அதற்குள் பின்னால் யாரோ ஒப்பாரி வைப்பது கேட்டது.

ஆட்டோவில் வரும்போது நான் அழுத அழுகை எனக்கே ஆச்சரியம். காலையில்தான் பீடிக்காக அவரைத் திட்டியிருந்தேன். இன்னொரு டம்ளர் காபி கேட்டதற்குப் பால் இல்லை என்று சொல்லியிருந்தேன், பால் இருந்தது. பாபுவுக்குப் போன் போட்டால் ரயில் அப்போதுதான் ஒயிட்ஃபீல்டு தாண்டியிருந்தது, சரியாகக் கேட்கவில்லை. தர்ஷினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று நினைத்தேன். மேளத்துக்கு ஆண்டர்சன்பேட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றும் நினைத்தேன். அந்த நிலைமையிலும் அவர் ஆசைதான் முதலில் ஞாபகம் வந்தது.

லைன் முனையில் கூட்டம். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பேண்டுக்காரர் ஒருவர் சைக்கிளில் டிரம்மோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார். எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனால், மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் ரோஜா மாலையோடு, வந்தவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா நீயும் வந்துட்ட? கடைய யாரு பாத்துக்கறது?" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாமோதரன் ஐயா எதிரே நின்றுகொண்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஃபண்டு கமிட்டியில் மாமா எழுந்து, தன் சாவுப் பணத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள், பேத்தியின் காலுக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒரு கட்சி. அவர் கட்டிய பணம்தானே என்று ஒரு கட்சி. மதியம் வரை சண்டை. கடைசியில், கொடுக்கலாம், ஆனால் விதிப்படி கொடுக்க வேண்டும், அதோடு அவர் கணக்கு முடிந்தது, நிஜமாகப் போகும்போது ஃபண்டிலிருந்து ஒரு ரூபாய் வராது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தாமோதரன் ஐயா விதியை மீறாதவர். விதியில் மாலை என்று இருக்கிறது. அதனால் மாலை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லைனுக்குள் நடந்து வந்திருக்கிறார். எங்கள் லைனில் தாமோதரன் ஐயா கையில் மாலையோடு ஒரு வீட்டை நோக்கி நடந்தால், அது எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

"நான் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள அல்லாரும் ஒப்பாரி வெச்சிட்டாங்கம்மா" என்றார் தாமோதரன் ஐயா.

"பரவால்ல வுடுய்யா. யார் யார் வருவாங்கன்னு இப்பவே பாத்துட்டேன்" என்றார் மாமா. அவருக்கு உள்ளுக்குள் பயங்கரச் சந்தோஷம். டிரம்மோடு வந்தவரைப் பார்த்து, "நீ ஏன்டா தனியா வந்த? மத்தவனுங்க எங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டுப் போன பிறகு தாமோதரன் ஐயா தட்டில் வைத்துக் கொடுத்த பணம் அப்படியே இருந்தது. இடித்த முப்பதாயிரத்துக்கு அது போதும். எனக்குக் கை போகவில்லை. சாயங்காலம் பாபு வந்தார், அவருக்கும் போகவில்லை. சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயம் பயம்தான். எழவுக்கு என்று வைத்த பணத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் உடம்பில் மாட்டுவதா? ஆபரேஷன் டேபிளில் ஏதாவது ஆகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் இதைத்தானே நினைப்பேன்?

"வேணாம் மாமா. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் வேற எங்கியாவது கேக்கறேன்" என்றேன்.

"எங்க கேப்ப?"

தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"சாவுத் துட்டு, எழவுத் துட்டுன்னு நீ யோசிக்கற. எனக்குத் தெரியும்" என்றார். டி.வி.யை நிறுத்தினார். அவராக டி.வி.யை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "அது ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சம்பாரிச்ச துட்டும்மா. கேஜ்ல எறங்கி, வேர்வைல நனைஞ்சி, மேல வந்து கட்டுன துட்டு. மேளம் இல்லாம போறது எனக்கு கஷ்டமாதான் கீது. பொய் சொல்லல. நெனைச்சா இங்க ஒரு மாதிரி இருக்குது. ஆனா அந்தப் புள்ள போட்டோல பின்னாடி போய் நின்னுக்கிச்சு பாரு, அது இதவிட கஷ்டமா கீது."

அந்தப் போட்டோவை அவர் பார்த்தார் என்பதே எனக்குத் தெரியாது. அவரை நான் அதுவரை எப்படி நினைத்திருந்தேன் என்று இங்கே எழுத வேண்டாம். எழுந்து போய்த் தட்டை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். அப்புறம் காபி போட்டேன், அவருக்கு இரண்டு டம்ளர்.

ஆபரேஷன் அன்று அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போனாள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் பாபுவின் ரயில் நண்பர்கள் இரண்டு பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இட்லி வாங்கி வந்து கையில் கொடுத்தார்கள். நான் சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. மாலை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவின் முகமே கண்ணுக்குள் இருந்தது. டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கீழே இறக்கி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அப்போதுதான் கையில் இருந்த இட்லி ஞாபகம் வந்தது.

வார்டு நாட்களில் முதல் இரண்டு ராத்திரிகள் மோசம். வலிக்கு மருந்து ஏறும்வரை தூங்குவாள், இறங்கியதும் முனகுவாள். "நோவு ஜாஸ்தி இதியா புட்டி?" என்று கேட்டுக்கொண்டே ஒரு நர்ஸ் வந்து அவள் நெற்றியைத் தடவுவார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, எனக்கும் சேர்த்து அம்மா மாதிரி இருந்தார். கால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வளையங்களுக்குள் இருந்தது, கம்பிகள் தோலுக்குள் போவதைப் பார்க்க முதலில் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் அவளே எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா சொல்ற கேஜ் இதுதானா?" என்றாள். பிசியோதெரபிக்காரர் வாக்கரைக் கொடுத்து நிற்கச் சொன்னார். சட்டத்தோடு நடக்கலாம், நடந்தால்தான் எலும்பு நன்றாகப் பிடிக்கும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. நடந்தாள், அழுதுகொண்டே.

வீட்டுக்கு வந்தபின் வேலை எங்களுடையது. காலையில் பாபு ரயிலுக்குப் போவதற்கு முன் சின்ன ஸ்பேனரால் திருகுகளைத் திருப்புவார், எந்தத் திருகு எந்தப் பக்கம் என்று மருத்துவமனையில் வண்ணம் பூசிக் கொடுத்திருந்தார்கள். நான் கம்பி தோலுக்குள் போகிற இடங்களை மருந்துத் தண்ணீரால் சுத்தம் செய்வேன். அந்த நேரம் மாமா வீட்டில் இருக்க மாட்டார். பாறை வெடிப்பதையெல்லாம் பார்த்த மனிதர், பேத்தியின் கம்பியைப் பார்க்க மாட்டாராம். தெருமுனை வரை போய் நிற்பார். பிறகு எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்பார். ஆச்சு என்று தர்ஷினி கத்துவாள். உள்ளே வருவார்.

ஒருமுறை ஒரு கம்பியைச் சுற்றிச் சிவந்து, சீழ் வைத்து, காய்ச்சல் வந்தது. இனி சட்டத்தை எடுத்துவிடுவார்கள், எல்லாம் வீண் என்றே நினைத்துவிட்டேன். காலை ரயிலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அந்த ரயிலில் உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாபுவின் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து ஒரு முழு சீட்டை அவள் காலுக்கு என்று விட்டுவிட்டுப் பெங்களூர் வரை நின்றுகொண்டே வந்தார்கள். கம்பி வழியாகக் கிருமி போவது சகஜம், மருந்து சாப்பிட்டால் அடங்கிவிடும் என்றார் டாக்டர். அடங்கியது. இப்படி வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

பொங்கல் முடிந்து சட்டத்தைக் கழற்றினார்கள். கொஞ்ச நாள் மாவுக்கட்டு. அதையும் எடுத்தபோது உள்ளே இருந்து ஒரு மெலிந்த, சோகையான, தழும்புகளோடு கூடிய கால் வந்தது. ஆனால் நேரான கால். நான் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளர்ச்சி முடிகிறவரை வருஷா வருஷம் காட்ட வேண்டும், வளைவு திரும்பவும் எட்டிப் பார்க்கலாம் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

கால் நேராகிவிட்டது, ஆனால் அவளுக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. எலும்பு கெட்டியாகிவிட்டது, இனி ஊன்றுகோல் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கோலை விடவில்லை. நிற்கச் சொன்னால் சுவரைப் பிடிப்பாள், சுவர் இல்லாவிட்டால் என்னைப் பிடிப்பாள். கையை எடுத்தால் பழைய பழக்கத்தில் இடப்பக்கம் சாய்வாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "எனக்கு நிக்க வராதும்மா" என்பாள். எக்ஸ்ரே எடுத்த அன்று என்னிடம் கேட்ட கேள்வி அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

பங்குனியில் சாவு ஃபண்டின் ஆண்டுக் கூட்டம் வந்தது. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். கணக்கு முடிந்தவருக்குக் கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்டேன். "என் பேரு வாசிக்கறாங்க, நான் போவாம யார் போவா?" என்றார். தர்ஷினியும் வருவேன் என்றாள். நானும் போனேன்.

கோயில் பக்கத்து ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். தாமோதரன் ஐயா மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. "எத்திராஜு, உன் பேர வுட்டுடட்டா?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"விதின்னா விதி. வாசிய்யா" என்றார் மாமா.

வாசித்தார். அந்த வருஷம் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில், "நந்திதுர்க் மைன், அண்டர்கிரவுண்ட், எத்திராஜ்" என்றார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். "அல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

நாற்காலிகள் இழுபட்டன. மாமா எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். பக்கத்தில் தர்ஷினி எழுந்தாள். கோல் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினாள். பிறகு தாத்தாவைப் பார்த்தாள், அவர் கைகளைக் கட்டியிருப்பதைப் பார்த்தாள். கையைப் பின்னால் இழுத்து, அவளும் கட்டிக்கொண்டாள்.

இடப்பக்கம் லேசாக ஆடினாள். நான் பிடிக்கப் போனேன். மாமா தலையைத் தூக்காமலே கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஆட்டம் நின்றது. இரண்டு கால்களும் தரையில் நேராக, சமமாக இருந்தன. ஷெட்டில் மாமாவின் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் போனதும் அவள் உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "தாத்தா, ஒரு நிமிஷம் ஆயிடுச்சா?"

அவருக்காகத்தான் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். "இன்னும் ஆவல" என்றார் மாமா. "நில்லு."

நின்றாள்.